கேட்டுவிட்டு எறிவோம்

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கியது. பல நூற்றாண்டு கண்ட எங்கள் பள்ளிமுனைப் பெருக்கமரம் அசையாமல் நின்றது. வேலிகளும் கிடுகுகளும்தான் விழுந்து கிடந்தன. எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர்.

தண்ணீர் வடிந்ததும் பெண்கள் ஒன்பது பேர் சிரமதானத்துக்கு இறங்கினோம். கொரோனாக் காலம் என்பதால் முகக்கவசத்துடன் மண்வெட்டியும் கடகமும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டோம். சேறு அள்ளுவது எங்களுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் பாழடைந்த வீட்டைத் துப்புரவாக்கித்தான் குடியேறினோம்.

கடைசி வீட்டில் ஓர் அக்கா தனியே இருக்கிறார். அவருடைய கணவர் யுத்த காலத்தில் காணாமற் போனவர். அக்கா குசினிப் பக்கம் நிற்க, மூலையில் ஊறிக் கிடந்த றங்குப்பெட்டியை இழுத்துவந்து நான் குப்பைக் குவியலில் கொட்டினேன். கூழான கடதாசிகளும் ஒரு பழைய சேட்டும் விழுந்தன.

"ஐயோ பிள்ளை, அது அவர்ட சேட்டு!" அக்கா ஓடி வந்தார்.

விவாகப் பதிவும் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டும் அதற்குள்தான் இருந்தன. ஒட்டிக் கிடந்த இரண்டு படங்களை அவசரத்தில் நான் இழுத்துப் பிரித்தேன். அவர் கணவரின் முகம் உரிந்து மற்றப் படத்தோடு போய்விட்டது. அக்கா என்னை ஏசவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுத் தந்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்தப் பேரிடரில் மன்னார் மாவட்டமும் வெள்ளத்தில் தவித்தது. எங்கள் ஒழுங்கையில் முதலில் மண்வெட்டி எடுத்தவர் அந்த அக்காதான். "வீட்டுக்காரியைக் கேட்காமல் ஒன்றையும் எறியக் கூடாது" என்றார். அதுவே எங்கள் முதல் சட்டமாயிற்று.

சகோதரிகளே, அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். ஒட்டிய படங்களை இழுக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் மெல்லப் பிரியக் கூடும். முகப் பக்கத்தைத் துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள். பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். முறைப்பாட்டுத் துண்டுகளை இன்றே படப்பிரதி எடுத்து, உறவினர் வீட்டிலும் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

வெறுங்காலுடன் சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி சிறு காயத்தாலும் உடலுக்குள் போகும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். சிரட்டை, ரயர்களில் நிற்கும் நீரை உடனே கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு பெருக ஒரு கிழமையளவு போதும். யுத்தம் நடந்த நிலத்தில் வெள்ளம் மிதிவெடிகளையும் இடம் மாற்றிவிடும். தெரியாத இரும்புப் பொருளைத் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

அக்காவின் சேட்டு இப்போது பொலித்தீன் பையில் வளையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. கட்டுவதற்கு ஏணி பிடித்தவள் நான்.