எவ்வளவு வந்தால் செட்டில்?

அமெரிக்காவில் எம்பவர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் 2024-இல் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. பண விஷயத்தில் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல ஆண்டுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று கேட்டார்கள். இருபதுகளில் இருப்பவர்கள் சொன்ன சராசரித் தொகை ஏறத்தாழ 5.87 லட்சம் டாலர். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு லட்சமே போதுமாக இருந்தது. அந்த நாட்டில் முழுநேர வேலை பார்ப்பவரின் நடுத்தர ஆண்டு வருமானம் 60 ஆயிரம் டாலரைச் சுற்றித்தான் இருக்கிறது. அதாவது, பிள்ளைகள் மனதில் இருக்கும் தொகை ஊரார் வாங்கும் சம்பளத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு.

நம் ஊரில் இப்படிக் கணிப்பு நடத்த வேண்டிய அவசியமே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும். "தம்பி எங்க இருக்கீங்க? பேக்கேஜ் எவ்ளோ?" என்ற கேள்வி சாம்பாருக்கு முன்னால் வந்துவிடும். மாதம் ஒரு லட்சம், முப்பது வயதுக்குள் சொந்த ஃப்ளாட், நாற்பதில் கையில் ஒரு கோடி என்று ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் யாரோ ஒரு தொகையை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் வாங்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் கடை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர். அவர்களிடமிருந்து காக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பது பந்தியில் யாரும் பேசாத விஷயம்.

முதல் ஏமாற்றம் வேலைக்கான ஆர்டரிலேயே தொடங்குகிறது. ஆண்டுக்கு 6 லட்சம் சிடிசி, அதாவது நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு, என்றால் மாதம் 50 ஆயிரம் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 25 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 3,000 ரூபாய். அதுவும் இந்த 6 லட்சத்துக்குள்ளேதான். பணிக்கொடைக்கு 1,200 ரூபாய். பத்து சதவீதம் 'வேரியபிள் பே' என்றால் 5,000 ரூபாய். அது வந்தால்தான் உண்டு. இவை போக நம் பங்கு பிஎஃப் இன்னொரு 3,000, தொழில் வரி கொஞ்சம். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது 37,500 ரூபாய் சொச்சம். ஐம்பதாயிரத்தை நம்பி வீட்டு வாடகையையும் பைக் தவணையையும் முடிவு செய்தவருக்கு முதல் மாதமே துண்டு விழும். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் தொகை எவ்வளவு என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும். அப்படிக் கேட்டதற்காக வேலையை மறுக்கும் நிறுவனம் என்றால், அங்கே சேராமல் இருப்பதே நல்லது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதில் சில உரிமைகளைத் தருகின்றன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் வரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் பணிக்கொடையைச் சுருக்குவது இனி கடினம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. வேலையை விட்டாலும், வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். பிஎஃப் விஷயத்தில் இன்னும் எளிது. பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டினார்களா என்பதை யுஏஎன் எண்ணை வைத்து பாஸ்புக்கில் நீங்களே பார்க்கலாம்; கட்டவில்லை என்றால் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையக் குறைதீர் பக்கத்தில் புகார் செய்யலாம். இந்த பாஸ்புக்கை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து திறந்தே பார்க்காதவர்கள் நம்மிடையே அதிகம்.

அந்த ஒரு கோடிக்கும் ஒரு வார்த்தை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், முப்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் ஒரு கோடிக்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ பதினேழரை லட்சம். கோடி என்ற சொல்லின் பளபளப்பைக் காட்டித் திட்டம் விற்க வருபவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

இடைவெளியைச் சீக்கிரம் தாண்டிவிடலாம் என்று இளைஞர்கள் அதிகம் இறங்கும் இடம் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவு. சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் வயிறு கலங்கும். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இதில் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்து மொத்த நிகர நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. முப்பது வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானது. நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று சொன்னவர்கள். அதாவது, மேலே நாம் கணக்குப் போட்ட அந்த 6 லட்சம் பேக்கேஜ்காரரைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள்.

சந்தையில் நாமே இறங்கி இழந்த பணத்துக்கு எந்தச் சட்டத்திலும் பரிகாரம் கிடையாது. அடுத்தவர் சொல்லி இழந்ததற்கு உண்டு. பங்கு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குபவர் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவரே ஆனாலும் 'மாதம் இவ்வளவு நிச்சயம்' என்று உறுதி தரக் கூடாது. "நான் ஆலோசனை சொல்லவில்லை, வகுப்புதான் எடுக்கிறேன்" என்று தப்பிப்பவர்களுக்கும் 2025 ஜனவரியில் செபி கடிவாளம் போட்டது: பாடம் மட்டும் நடத்துபவர் கடைசி மூன்று மாத விலைத் தகவலைக் காட்டிப் பேசக் கூடாது என்றது. புகாரை செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். பதிவு பெற்ற நிறுவனம் 21 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். டெலிகிராம் குழுவில் முகம் தெரியாத 'சார்' சொன்ன ஆப்பில் பணம் போட்டிருந்தால் அது செபி விவகாரமே அல்ல, திருட்டு. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு.

விட்டதைப் பிடிக்க அடுத்து தேடுவது கடன் ஆப். திருட்டு ஆப்களின் வழக்கமான கணக்கு இப்படி இருக்கும்: 10 ஆயிரம் கடன், அதில் 2 ஆயிரம் 'பிராசஸிங்' என்று முன்கூட்டியே கழிவு, கைக்கு 8 ஆயிரம், ஏழாம் நாள் திருப்பிக் கட்ட வேண்டியது 10 ஆயிரம். வாரத்துக்கு 25 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 1,300 சதவீதம். மீட்டர் வட்டிக்காரர்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்.

ரிசர்வ் வங்கியின் விதிகள் இங்கே தெளிவாக இருக்கின்றன. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடனுக்கு முன்பே தர வேண்டும். கடன் தொகை நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். எடுத்த கடன் வேண்டாம் என்று தோன்றினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாளைக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். முறையான ஒருமுறைக் கட்டணம் மட்டும் பிடிக்கப்படலாம். தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் ஆப் தொடக் கூடாது. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது. மாமனாருக்கும் மேலாளருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கவும் கூடாது. முறையான கடன் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. பட்டியலில் இருப்பவர் விதி மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். பட்டியலில் இல்லாதவர் படத்தை மாற்றி மிரட்டினால் நேரே சைபர் கிரைம் போலீஸ். தெருமுனைக் கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு இல்லை.

இன்னொரு ஏமாற்று பாக்கி இருக்கிறது, சொந்தக்காரர் வழியாக வீட்டுக்குள்ளேயே வருவது. ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்தது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. ஒரு லட்சம் போட்டால் மாதம் 30 ஆயிரம்: பல இளைஞர்களுக்கு இன்னொரு சம்பளம். இத்தகைய திட்டங்களை 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கையாள்கிறது. நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, விற்று, தனி நீதிமன்றம் வழியாகப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வழி உண்டு. மெதுவாகத்தான் நடக்கும், முழுத் தொகை கிடைப்பதும் அரிது. புகார் கொடுத்துப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அதுவும். ரசீது, வங்கிப் பரிவர்த்தனை விவரம், வாட்ஸ்ஆப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். பணம் போட வைத்தது சொந்த மாமா என்பதால் தயங்கிப் புகாரே கொடுக்காதவர்கள் ஏராளம். பெரும்பாலும் மாமாவின் பணமும் அதில்தான் மாட்டியிருக்கும். அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள்.