"சௌக்கியமா?" என்று அவரிடமே கேளுங்கள்



மனச்சிதைவு நோய்க்குக் கணவர் மருந்து சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. வீண் சந்தேகமும் இல்லை. "இப்ப ஒரு தொல்லையும் இல்லீங்க, சும்மாதான் உக்காந்திருக்காரு" என்கிறார் மனைவி. கணவரைக் கேட்டால், "ரேஷன் கடைக்குக்கூட என்னை அனுப்ப மாட்டேங்கறாங்க" என்கிறார்.

நோய் அடங்கியது. வாழ்க்கை திரும்பியதா?

இதை அளக்க முடியுமா?

முடியும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் இதற்கென ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. ஒரு நாட்டில் எழுதியதை மற்ற நாட்டில் அப்படியே கேட்டால் பொருந்துமா? தனியாக வீடெடுத்து வாழ்வது ஓர் ஊரில் பெருமை. நம் பக்கத்தில் அதையே "யாருமில்லாத அநாதை" என்பார்கள். அதனால் டோக்கியோ, பாங்காக், ஹராரே உட்பட 15 ஊர்களில் ஒரே சமயத்தில் மக்களிடம் கேட்டுக் கேள்விகளை உருவாக்கினார்கள். நம் நாட்டிலிருந்து சென்னையும் புதுதில்லியும் அதில் சேர்ந்தன.

முதலில் 100 கேள்விகள். பிறகு 26 கேள்விகள் கொண்ட சிறிய தாளும் வந்தது. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று நோயாளியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. இது பரீட்சை அல்ல. பாஸ், பெயில் கிடையாது.

கேட்கப்படுபவை நான்கு:

1. உடல்: தூக்கம், வலி, வேலை செய்யத் தெம்பு.
2. மனம்: சந்தோஷம், தன்மேல் தனக்குள்ள மதிப்பு.
3. உறவு: சொந்தபந்தம், நண்பர் உதவி, தாம்பத்தியம்.
4. சூழ்நிலை: வீடு, பணம், பாதுகாப்பு, வைத்திய வசதி.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் இந்த நான்கையும் பற்றி நிதானமாகக் கேளுங்கள். பதிலை அவர் சொல்லட்டும். அவருக்காக நீங்கள் சொல்லாதீர்கள். நோய் மனைவிக்கு என்றாலும் இதே முறைதான். சின்னச் சின்னப் பொறுப்புகளைத் திரும்பக் கொடுங்கள். விசேஷங்களுக்குக் கூடவே அழைத்துப் போங்கள்.

அதிகத் தூக்கம், உடல் பருமன், தாம்பத்தியத்தில் நாட்டக் குறைவு ஆகியவை மருந்தினாலும் வரலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ அவர் மாற்றித் தர முடியும். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகுங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகவும் ஆலோசனை பெறலாம்.

நோய் குறைந்தால் மட்டும் போதாது. வாழ்வும் நிறைய வேண்டும்!