கடலைத் தடுத்த கரை

கனடா நாட்டின் கீழைக் கோடியிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், வடமலை, தென்மலை என்னும் இரு குன்றுத் தொடர்களுக்கு நடுவே அன்னாபோலிஸ் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. ஃபண்டி விரிகுடாவின் குளிர்காற்றை வடமலை தடுத்துவிடுவதால், இங்கே ஆப்பிள் தோட்டங்கள் செழித்திருக்கின்றன. பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில், ஆறு கடலை நாடி அகன்று செல்லுமிடத்தில், அன்னாபோலிஸ் ராயல் என்னும் சிறு துறைமுகம் அமைந்துள்ளது. இன்று அங்கு வாழ்வோர் சுமார் 500 பேரே. ஆயினும் 1749-இல் ஹாலிஃபாக்ஸ் நகரம் தோன்றும் வரையில், ஆங்கிலேயர் ஆண்ட நோவா ஸ்கோஷியாவுக்கு இதுவே தலைநகரம்.

இதன் அருகே பிரெஞ்சுக்காரர் 1605-இல் போர்ட் ராயல் என்ற குடியிருப்பை நிறுவினர். நூறாண்டுக் காலம் இரு அரசுகளும் அதற்காகப் பொருதன. 1710-இல் ஆங்கிலேயர் வென்று, தம் அரசி ஆனின் பெயரை ஊருக்குச் சூட்டினர்.

இங்கு வருவோர் முதலில் காண்பது ஆன் கோட்டையின் மண் கொத்தளங்களை. ஆனால், இவ்வூரின் உண்மையான வரலாற்றை அறிய விரும்புவோர் ஆற்றங்கரைச் சதுப்பு நிலங்களுக்குச் செல்ல வேண்டும். உலகிலேயே மிகவுயர்ந்த ஓதம் எழும் கடல் ஃபண்டி. அக்கடலிடமிருந்து நிலத்தை மீட்டவர்கள், அகேடியர் எனப்படும் பிரெஞ்சுக் குடியானவர்கள். அவர்கள் சதுப்பைச் சுற்றி மண்கரை எழுப்பினர். கரையின் அடியில் மரத்தாலான மதகு ஒன்றைப் பதித்தனர். அதனுள் கீல் பூட்டிய ஒரு கதவு தொங்கியது. கடல் வற்றும்போது, உள்ளே தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளித் திறந்து வெளியேறும். கடல் பொங்கும்போது, அலைநீரே கதவை அழுத்தி மூடிவிடும். சில ஆண்டுகளில் மழை உப்பைக் கழுவ, நிலம் பொன் விளையும் பூமியாயிற்று. மேட்டு நிலங்களில் அவர்கள் ஆப்பிளும் நட்டனர்.

இங்கிலாந்து மன்னருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய அவர்கள் இசையவில்லை. அதனால் 1755 முதல் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். 1759-இல் பெரும்புயல் கரைகளை உடைத்தது. பின்னர் நியூ இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கரை கட்டும் கலை தெரியவில்லை. எனவே, பள்ளத்தாக்கின் கிழக்கு முனையில், சிறைப்பட்டிருந்த அகேடியரையே அழைத்து வந்து, கரைகளைச் செப்பனிடச் செய்தனர். தாம் இழந்த நிலத்தைப் பிறருக்காகக் காத்துக் கொடுத்தனர் அம்மக்கள்!

அவர்கள் அடைந்த துன்பத்தை 2003-இல் அரச பிரகடனம் ஒன்று ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் ஜூலை 28 நினைவு நாளாயிற்று. கோட்டை, தன்னை வென்றவர்களின் பெயரைச் சொல்கிறது. பெயர் எழுதப்படாத மண்கரையோ, உழைத்தவர்களை நினைவூட்டி நிற்கிறது.