ரப்பருக்கு வரி, மட்டிக்குப் பெயர்

களியக்காவிளையை அடுத்த ஒரு கிராமத்தில் ரப்பர் விவசாயி ஒருவரைச் சந்தித்தேன். அவருக்கு ஒன்றரை ஏக்கர். அவருடைய தம்பிக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் தம்பியின் நிலம் பாறசாலைப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிறது. இரண்டு தோட்டத்திலும் மரம் ஒரே இனம், பால் வெட்டுகிறவரும் ஒருவரே. விலை விழுந்த ஆண்டுகளில் தம்பிக்குக் கேரள அரசின் ஊக்கத்தொகை கிடைத்தது. அண்ணனுக்கு இல்லை. "அப்போ நான் எந்த நாட்டுக்காரன் சாரே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவருடைய கேள்வி சின்னக் கேள்வி அல்ல. உலக வர்த்தக அமைப்பு 1995இல் தொடங்கியபோது, சரக்குகள் இனி நாடு விட்டு நாடு தாராளமாகப் போய்வரும் என்றார்கள். ஓரளவு அப்படியே நடந்தது. ஆனால் அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் தன் வேலியை மறுபடி உயர்த்தி வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை ஏறத்தாழ மூன்று வாரம் நிறுத்தியது. நாமும் 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, 2024 செப்டம்பரில்தான் நீக்கினோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்தது. இது புதிய குணமும் அல்ல. நெல் மூட்டையை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை இருந்த காலம் மூத்த விவசாயிகளுக்கு நினைவிருக்கும்.

இந்த வேலிகளால் சிறு விவசாயிக்கு என்ன கிடைக்கிறது என்பதே நமக்கு வேண்டிய கணக்கு.

வேலியின் உயரம் எவ்வளவு?

2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஆர்.எஸ்.எஸ். 4 தர ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போயிற்று. இடையில், 2015 ஏப்ரலில், மத்திய அரசு உலர் ரப்பரின் இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் அந்த ஆணையில் ஒரு வாசகம் உண்டு: 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. வெளிநாட்டு ரப்பர் கிலோ 100 ரூபாய்க்கு வந்தால் வரி 25 ரூபாய். 120 ரூபாய்க்கு வந்தால் 30 ரூபாய். 200 ரூபாய்க்கு வந்தாலும் அதே 30 ரூபாய்தான்; அதாவது 15 சதவீதமே.

வரியை மேலும் உயர்த்தச் சொல்லலாமே என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் ரப்பர் வேளாண் பொருள் அல்ல, தொழிற்சாலை மூலப்பொருள். மரத்தை நட்டு ஏழு ஆண்டு காத்திருந்து விடியற்காலையில் வெட்டுகிறவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனாலும் விதி அதுவே. உலர் ரப்பருக்கு நம் நாடு அங்கே ஒப்புக்கொண்ட உச்சவரம்பும் 25 சதவீதம்தான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023-24இல் நம் நாட்டில் விளைந்த ரப்பர் சுமார் 8.57 லட்சம் டன். தேவையோ 14 லட்சம் டன்னுக்கு மேல். வெளியிலிருந்து மலிவாக ரப்பர் வந்தால்தான் இந்திய டயர் உலகச் சந்தையில் நிற்கும் என்பது ஆலைகளின் வாதம். இந்திய விவசாயியைக் காப்பாற்ற வரி வேண்டும் என்பது நம் வாதம். இரு தரப்பும் நாட்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். கலப்பு ரப்பருக்கான வரி 10 சதவீதமாகவே இருந்து, 2023 பட்ஜெட்டில்தான் உலர் ரப்பருக்குச் சமமாக உயர்த்தப்பட்டது. ஆசியான் ஒப்பந்தச் சலுகையில் வரும் கலப்பு ரப்பரை அந்த உயர்வும் தடுக்கவில்லை என்பது விவசாயிகளின் குறை.

அடுத்தது மாநில வேலி. கேரள அரசு 2015இல் கிலோவுக்கு 150 ரூபாய் என்று ஒரு விலையை வைத்து, சந்தை விலை அதற்குக் குறைந்தால் வித்தியாசத்தைச் சிறு விவசாயிக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2021இல் அதை 170 ரூபாய் ஆக்கியது. 1956 நவம்பர் 1 வரை நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் அந்தப் பக்கத்தோடு சேர்ந்தே இருந்தன. எல்லை மொழியைப் பார்த்துப் போடப்பட்டது. மரத்தைப் பார்த்து அல்ல. அதை நொந்து இப்போது பயனில்லை. கேரளத்தில் பணம் எப்படிப் போயிற்று என்பதைப் பார்ப்பதே பயன். ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் பதிந்து, ஷீட் விற்ற பில்லைக் கொடுத்தவருக்கே போயிற்று. நம் பக்கத்தில் பல சிறு விவசாயிகள் ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் பில் இல்லாமலே கடையில் போட்டுவிடுகிறார்கள். நாளை நம் அரசிடம் இதே உதவியைக் கேட்டால், எவ்வளவு விற்றீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஊரின் பெயர்

மூன்றாவது வேலி ஊரின் பெயர். இதை வைத்திருப்பது டெல்லியோ திருவனந்தபுரமோ அல்ல, விளைவிக்கிறவர்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னை 2008லும், கன்னியாகுமரி கிராம்பு 2021லும், கன்னியாகுமரி மட்டி வாழை 2023லும் புவிசார் குறியீடு பெற்றன. வேறு ஊரில் விளைந்த பழத்தைக் கன்னியாகுமரி மட்டி என்று பெயரிட்டு விற்பது இனிச் சட்டப்படி குற்றம். பதிவு பத்து ஆண்டுக்கு, பின்னர் புதுப்பிக்கலாம்.

ஆனால் குறியீடு வந்ததுமே மட்டியின் விலை ஏறிவிடும் என்று நினைப்பது தவறு. ஈத்தாமொழிக்குப் பெயர் வந்து பல ஆண்டுகள் ஆகியும், தன் தேங்காய்க்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாத விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். பெயரைப் பெறுவது சங்கம். அதைப் பெட்டியில் போட்டு விற்க, ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. பட்டா அல்லது குத்தகைச் சீட்டின் நகல், சர்வே எண், பயிரின் பரப்பு ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து விண்ணப்பிப்பது எளிது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

அதற்கு முன், கன்று கலக்காமல் பார்க்க வேண்டும். மட்டியிலேயே தேன்மட்டி, செம்மட்டி, நால்மட்டி என்று பல உண்டு. குலை தள்ளி, ரகம் இன்னதென்று உறுதியான, நோயற்ற தாய் மரத்தின் ஈட்டி இலைக் கன்றை மட்டும் எடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை போதும். எந்தத் தாயின் கன்று எந்த வரிசையில் நட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பில்களையும் அதே நோட்டில் ஒட்டி வைக்கலாம்.