'காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு'... நைட் ஷிஃப்ட் போனா எப்போ போடுறது? சுகர், பி.பி. இருக்கிறவங்க கையில் எழுதி வைக்க வேண்டிய பட்டியல்!

"என்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

"வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்..."

மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிட்டு வரும்போது, டாக்டருக்குப் பல நேரம் கிடைக்கும் பதில் இதுதான். கூட வந்திருப்பது உடன் வேலை பார்ப்பவர். நண்பருக்கு சுகர் இருக்கா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரத்தில் சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தால் பெரிய உதவி. அதில் என்ன எழுதணும், எப்படி எழுதணும்? பார்ப்போம்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை?

ஐசிஎம்ஆர் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோயும், 31.5 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருக்கிறது.

மாத்திரை வாங்கினால் மட்டும் போதாது. வளர்ந்த நாடுகளிலேயே, நீண்டகால நோயாளிகளில் பாதிப் பேர்தான் மருந்துகளைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லியிருக்கிறது.

அத்திப்பட்டில் என்ன சிக்கல்?

வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்திலேயே துறைமுகங்கள், கன்டெய்னர் யார்டுகள் என்று அத்திப்பட்டு வட்டாரமே ஷிஃப்ட்டில் ஓடுகிற ஊர். இந்த வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் மாத்திரைச் சீட்டில் இருப்பது '1-0-1'. அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. பகலில் விழித்து, இரவில் தூங்குகிறவர்களுக்கான கணக்கு இது.

நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை 7 மணிக்கு வீட்டுக்கு வருகிறவர், சீட்டில் 'காலை' என்று இருக்கிறதே என மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டால் ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், சர்க்கரையை இயல்புக்குக் கீழேயும் இறக்கிவிடும். தூக்கத்தில் அது நடந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எனக்கு நைட் ஷிஃப்ட் இருக்கு. எந்தச் சாப்பாட்டோட எந்த மாத்திரை?" பதிலைக் கையோடு எழுதிக்கொள்ளுங்கள். பகல் ஷிஃப்ட்டுக்கு ஒரு பட்டியல், நைட் ஷிஃப்ட்டுக்கு ஒரு பட்டியல். நீங்களாக நேரத்தையோ அளவையோ மாற்றக் கூடாது.

செல்போனில் போட்டு வைத்தால் போதாதா?

போடலாம். ஆனால் எரிவாயு, எண்ணெய் கையாளும் இடங்களுக்குள் போனை எடுத்துப்போக விட மாட்டார்கள். மயங்கிக் கிடப்பவரின் போன் லாக்கை யார் திறப்பது? பேப்பருக்குச் சார்ஜும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

பட்டியலில் என்னென்ன எழுதணும்?

1. பெயர், வயது, என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்காது, வீட்டில் யாருக்குப் போன் செய்யணும்.

2. மாத்திரையின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வரும். இ.எஸ்.ஐ.யில் ஒரு சீட்டு, தனியார் கிளினிக்கில் ஒரு சீட்டு என்று வைத்திருப்பவர்கள், தெரியாமலே ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு.

3. சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கு.

4. சுகர், பி.பி. அளவு. தேதியோடு, எந்த ஷிஃப்ட், சாப்பிடும் முன்பா பின்பா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் '180' என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது.

5. கடையில் நீங்களே வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போன்றவை பி.பி.யை ஏற்றலாம், கிட்னியையும் பாதிக்கலாம்.

6. விட்டுப்போன வேளைகள். திட்டுவாங்க என்று மறைக்காதீங்க. மருந்து வேலை செய்யலைன்னு நினைத்து டாக்டர் டோஸை ஏற்றிவிட வாய்ப்பிருக்கு.

சீட்டின் பின்பக்கம்?

அவசரக் குறிப்பு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி இருந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம். அளவு 70-க்குக் கீழ் என்றால் உடனே மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும். 15 நிமிடத்தில் மறுபடி செக் பண்ணணும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்குப் போன் பண்ணுங்க.

வீட்டிலும் ஒரு காப்பி

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஊழியர் வரும்போது நீங்கள் ஷிஃப்ட்டில் இருக்கலாம். பட்டியலின் ஒரு காப்பியை வீட்டில் ஒட்டி வைத்தால், குடும்பத்தினரே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் மருந்தை மாற்றினால் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேதி போட்டுப் புதிதாக எழுதுங்கள். பழைய பட்டியல் பையிலேயே கிடந்தால், அவசரத்தில் அதையே நம்பி மருந்து கொடுத்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் அரசின் 104 உதவி எண்ணில் கேட்கலாம்.