கண்ணாடியிழைப் படகும் கைத்தொழிற் கல்வியும்

மெர்கோங் வட்டாரத்திலிருந்து கெடா ஆற்றின் போக்கிலே கடலை நோக்கிச் சென்றால், மீனவர் படகுகள் நிறைந்த கோலக் கெடாவை அடையலாம். படகு கட்டுதல் முன்னாளில் மரத்தச்சருக்கே உரிய தொழிலாக இருந்தது. மகன் தந்தையின் பக்கத்தில் நின்று, பலகையைத் தட்டியும் தடவியும் பார்த்துப் பல்லாண்டுகளில் அதைக் கற்றான். இன்று பல நாடுகளில் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழை பிடித்துக்கொண்டது. பொருள் மாறவே, அத்தொழிலைக் கற்கும் முறையும் மாறவேண்டியதாயிற்று. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

கண்ணாடியிழைப் படகு ஒரு கூட்டுப்பொருளால் ஆனது. மண்சுவர் எழுப்புவோர் களிமண்ணில் வைக்கோலைக் கலப்பதை நாம் அறிவோம். மண் வடிவத்தைத் தருகிறது. வைக்கோல் வெடிப்பைத் தடுக்கிறது. அதுபோலவே இங்கே இழை இழுவிசையைத் தாங்குகிறது. தொழிற்கூடத்தார் ரெசின் என்று வழங்கும் பிசின், இழைகளைப் பிணைத்து நீரைத் தடுக்கிறது. அமெரிக்க நாட்டின் ஒகாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பார் 1942இல் இம்முறையில் ஒரு சிறு படகைச் செய்தார். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

செய்முறை வருமாறு: முதலில் படகின் வடிவுள்ள அச்சுக்கு மெழுகு பூசுவர். அதன்மேல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்தில் நிறமுள்ள மேற்பூச்சு இடுவர். பின்னர் இழைப்பாயை விரித்து, பிசினைத் தடவி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவர். வேண்டிய கனம் வரும்வரை இவ்வாறு அடுக்கடுக்காக இட்டு, இறுகியபின் அச்சினின்றும் பிரித்தெடுப்பர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் ஓர் இடர் உண்டு. மரப்பலகை தன் வெடிப்பையும் உளுப்பையும் கண்ணுக்குக் காட்டிவிடும். கண்ணாடியிழையிலோ, உள்ளே நின்றுவிட்ட குமிழியும் பிசின் ஊறாத இழையும் பளபளப்பான மேற்பூச்சுக்குள் மறைந்துவிடுகின்றன. தச்சன் வலிமையுள்ள மரத்தைத் தேர்ந்தெடுக்கிறான். இங்கே தொழிலாளியே வலிமையை உண்டாக்குகிறான். அவன் கை தவறினால், அத்தவறு நடுக்கடலிலேதான் வெளிப்படும்.

ஆகவே இத்தொழிலில் அளவே முதற்பாடம். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள இழைப்பாயை 10 சதுர மீட்டருக்கு விரித்தால் இழை 4.5 கிலோ ஆகிறது. பிசின் இருமடங்கு எனக் கொண்டால் 9 கிலோ வேண்டும். பிசினை இறுகச் செய்யும் வன்மையூட்டி நூற்றுக்கு ஒரு பங்கு எனில், 90 கிராம். புள்ளியை இடம் மாற்றி ஒருவன் 9 கிராம் இட்டானாயின் பிசின் செவ்வனே இறுகாது; 900 கிராம் இட்டானாயின் கொதித்துப் புகைந்து வெடிப்புறும். வன்மையூட்டியையும் விரைவூட்டியையும் நேராகக் கலந்தாலோ தீயும் வெடிப்பும் நேரலாம். பிசினின் ஆவியும் இழைத்தூளும் நுரையீரலுக்குக் கேடு என்பதால் மூச்சுக்கவசமும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. இவற்றைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியுமா?

தமிழர் வாழும் கடற்கரைகளிலே இதற்குச் சான்றுகள் உள. யாழ்ப்பாணத்தை அடுத்த காரைநகரில் 1967இல் நார்வே நாட்டார் துணையுடன் சீநோர் நிறுவனம் தோன்றியது. அதன் படகுத்துறையில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் இலங்கைக் கரையையும் மட்டுமன்றி, நம் கெடாவின் கோத்தா கோலமூடாவையும் தாக்கியது. அதன்பின் தமிழ்நாட்டில் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பிடித்தன. விரைந்து கட்டப்பட்டவற்றுள் பல தரக்குறைவாக இருந்தன. ஆகையால், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் படகு கட்டுவோர்க்கெனப் பயிற்சிக் கையேட்டையே வெளியிட நேர்ந்தது. பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, பயிற்சியும் உடன் வரவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மலேசியாவில் 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் தொழிற்பயிற்சிக்குப் படிநிலைகளை வகுத்துள்ளது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளை உடையது; அவற்றின் மேலே பட்டயமும் உயர்பட்டயமும் உள்ளன. தேர்வில் பின்தங்கிய பிள்ளைகளின் புகலிடம் தொழிற்கல்வி என்ற எண்ணம் நம் தோட்டத்து மக்களிடையே இன்னும் முற்றாக அகலவில்லை. அது பிழை. பின்ன எண்ணைப் பிழையின்றிப் பெருக்கவும், எச்சரிக்கைத் தாளைப் படித்துணரவும், அன்றைய வெப்பத்தையும் கலவையின் அளவையும் குறிப்பேட்டில் எழுதவும் வல்லவனே நல்ல படகு கட்டுவான்.

இவையெல்லாம் தொழிற்கூடத்தில் தொடங்குவன அல்ல. தமிழ்ப்பள்ளியின் கணக்குப் பாடத்திலும் வாசிப்புப் பாடத்திலும் தொடங்குவன. தசமப் புள்ளியை உரிய இடத்தில் வைக்கக் கற்பிக்கும் ஆசிரியர், தாம் அறியாமலே ஒரு மீனவனின் உயிருக்கும் காவலாகிறார்.