பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

பாலசமுத்திரம் போன்ற ஓர் ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று அறிய வேண்டுமானால், வாக்காளர் பட்டியலை எடுத்துப் பத்து வீட்டுக்கு ஒரு கதவைத் தட்டலாம். போதை ஊசி போடுகிறவர்களையோ பாலியல் தொழிலாளர்களையோ எந்த ஊரிலும் அப்படித் தேட முடியாது. அவர்களுக்குப் பட்டியல் கிடையாது. கேட்டால் வாய் திறக்கவும் அஞ்சுவார்கள்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா இந்தச் சுவரில்தான் முட்டினார். எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். பம்பாயைப் போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி இல்லை. நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்த பெண்கள் சிலரோடு பழகினார். போலீசில் பிடிபட்டுக் காப்பு இல்லத்தில் அடைபட்டிருந்த பெண்களைப் பற்றி அவர்கள் மூலம் தெரிந்துகொண்டு அங்கே போனார். எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேர்ந்தன. தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்போதுதான்.

நோய் இருக்கிறது என்று நிரூபிக்க அது போதும். எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லப் போதாது. பிடிபட்டவர்கள் எல்லோருக்குமான மாதிரி ஆகமாட்டார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் ஒரு வழி சொன்னார். ஆராய வேண்டிய மக்களின் வட்டத்திலேயே சிலரை முதல் ஆட்களாக எடுப்பது. ‘விதைகள்’ என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மூன்று கூப்பன். தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்கள்; வருகிறவருக்கும் அனுப்பியவருக்கும் சிறு தொகை உண்டு. கூப்பனில் எண் மட்டும்தான், பெயர் இருக்காது. யாரை அழைப்பது என்ற முடிவு ஆய்வாளர் கையை விட்டு அந்த மக்கள் கைக்கே போகிறது. இந்த முறையின் உயிர் அதுதான்.

நிறையப் பேரைத் தெரிந்தவருக்குக் கூப்பன் எளிதில் வந்து சேரும். எனவே ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டு, அதிகம் பழக்கமுள்ளவரின் பதிலுக்குக் கணக்கில் எடையைக் குறைப்பார்கள்.

சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2012–13இல் இதே முறையைக் கையாண்டது. 12 நகரங்களில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் 12,022 பேர் பங்கேற்றார்கள். வீடு வீடாகப் போயிருந்தால் இவர்களில் எத்தனை பேர் பேசியிருப்பார்கள்?

ஓட்டையும் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு வட்டங்கள் ஒரே ஊரில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கூப்பன் தாண்டாது. அதனால், வேலை தொடங்கும் முன் களப்பணியாளர்கள் அந்த மக்களிடமே விசாரித்து, வயதிலும் தொழிலிலும் வசிப்பிடத்திலும் வேறுபட்டவர்களை விதைகளாக எடுக்க வேண்டியிருக்கிறது.